ஆச்சியும் தபால்காரரும்

முக்கூடல் பக்கம் இருக்கும் எங்கள் ஆச்சிக்கு இப்போது கடிதம் போட ஆளில்லை, ஆனாலும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டதும் பீடித்தட்டை ஒதுக்கிவிட்டு, விரலைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறாள், ஏனென்றால் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தால் அவர் கொண்டுவரும் கருவி கைரேகையை எடுக்காது. மூன்றாவது தடவை எடுத்தது. ஆச்சி கணக்கிலிருந்து எடுத்த பணத்தைத் தபால்காரர் எண்ணிக் கொடுத்தார். 2018இல் வந்த அஞ்சலக வங்கியின் வேலை இது.

2013இல் தந்தி சேவை நின்றுபோனது. 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். டென்மார்க்கில் போஸ்ட்நார்ட் என்ற தபால் நிறுவனம் அந்த வருடக் கடைசியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. சரி, கடிதம் குறையட்டும். நம் நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அஞ்சலகங்கள், பெரும்பாலும் கிராமங்களில். கடிதக் கணக்கை மட்டும் பார்த்து மூடினால் ஆச்சி பணத்துக்காகப் பஸ் ஏற வேண்டும். கிளைகள் இருக்கட்டும், அந்தக் கிராம அஞ்சல் ஊழியருக்கு முழுநேர வேலையும் கொடுங்கள்.