கொழும்புக்கு வரும் கப்பல்கள்

காலிமுகத்திடலில் இறால் வடையோடு நின்றால், கொள்கலன் கப்பல்கள் தூரத்தில் காத்துக் கிடப்பது தெரியும். அதெல்லாம் பழகிவிட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் துறைமுகப் பக்கம் திரும்பினால்தான் என் பைனாகுலர் வெளியே வரும்: முகப்பில் வெள்ளை எண், தள விளிம்பில் வரிசையாக மாலுமிகள்.

ஆய்வுக் கப்பல் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். கருவிகளைக் கடலில் இறக்கித் தூக்க, கவிழ்த்த 'ப' போலப் பெரிய இரும்புச் சட்டம் நிற்கும்.

2023 அக்டோபரில் சீனாவின் ஆய்வுக் கப்பல் ஷி யான் 6 இங்கே வந்தது. இந்தியாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் 2024க்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை ஓராண்டுத் தடை போட்டது. போர்க்கப்பல்கள் வழக்கம்போல வந்து போயின! பீரங்கியைவிட அளவுக்கருவியைக் கண்டுதான் பயம். கடலடி வரைபடம் நீர்மூழ்கிகளுக்கு உதவும் என்பதால், அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது.