காலி பிக்கப்புக்குக் காற்று எவ்வளவு?

மார்ச் 3
லோடு இல்லாமல் ஓட்டினால் வண்டியின் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஈரச் சாலையில், திருப்பத்தில், பின்சக்கரம் லேசாக நழுவவும் செய்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முன்னுக்கு 60, பின்னுக்கு 80 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு). பின் டயர்களில் அப்படியே 80 இருக்கிறது, கோளாறு எதுவும் இல்லை. அந்த 80 முழு லோடுக்கான கணக்கு. பெரும்பாலும் காலியாக ஓடும் வண்டிக்கு எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 4
முதலில் அளப்பது ஒழுங்காக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. குறைந்தது 3 மணி நேரம் வண்டி நின்றிருக்க வேண்டும், வெயிலும் டயர் மேல் விழக் கூடாது. அதனால் காலையில், வண்டியை எடுக்கும் முன்பே அளந்துவிடுகிறேன். வெளி வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் மாறினாலே, இவ்வளவு காற்றுள்ள டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறிவிடும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுவது இயல்பு. கூடிவிட்டதே என்று அப்போது காற்றைத் திறந்துவிட்டால், ஆறியதும் குறைவாக நிற்கும்.

மார்ச் 6
காற்றை அளக்கும் பழைய கேஜையும் புதியதையும் ஒரே வால்வில் வைத்துப் பார்த்தேன். 3 பிஎஸ்ஐ வித்தியாசம். இனி புதியது மட்டும்தான்.

மார்ச் 9
காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டேன். பின் ஆக்சில் எடையில் பாதி ஒரு டயருக்கு. அப்புறம் டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில், அந்த எடையைத் தாங்க எவ்வளவு காற்று வேண்டும் என்று தேடினேன். 50க்குக் கீழேயே போதும் என்கிறது! ஆனால் அட்டவணை சொல்வது குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே ஒருநாளும் போகக் கூடாது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், சூடுதான் டயரைக் கொல்லும். ஆகவே நான் அதற்கு நல்ல இடைவெளி விட்டு மேலேயே நிற்கப் போகிறேன்.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை அடிக்க வேண்டிய அளவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது, அந்த டயர் தன் உச்சச் சுமையைத் தாங்கத் தேவையான காற்று. வண்டிக்கு எவ்வளவு என்று அது சொல்வதில்லை.

மார்ச் 12
இன்று சாக்பீஸ் சோதனை. பின் டயர்களின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை கெட்டியாக ஒரு கோடு இழுத்து, சமமான தார்ச்சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினேன். 80இல் நடுப்பகுதி மட்டும் அழிந்தது. இரண்டு ஓரப் பட்டன்களிலும் சாக்பீஸ் புதிதாகவே இருந்தது. நடு மட்டும் தரையைத் தொட்டால் நடு மட்டும்தானே தேயும், பிடிப்பும் குறையும். 70இல் அழிந்த பட்டை அகலமானது. 65இல் ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் மட்டும் பாக்கி. 60இல் கோடு முழுவதும் சீராகப் போனது.

மார்ச் 13
60ஐ வைத்துக்கொள்ளலாம் என்றால், டயர் காற்று எச்சரிக்கை விளக்கு குறுக்கே நிற்கிறது. குறித்த அளவில் கால்வாசி குறைந்தால் அது எரியும். 80இல் கால்வாசி போனால் சரியாக 60. குளிரான ஒரு காலையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், நிஜமாகவே காற்று இறங்கும் நாளில் அதை யார் நம்புவது? கையேட்டில் காலி வண்டிக்கென்று தனி அளவு தந்திருக்கிறார்கள், 65. எல்லா வண்டிக்கும் இப்படித் தருவதில்லை. தராத வண்டியில் ஸ்டிக்கரை மீற நான் துணிய மாட்டேன். சரி, 65.

முன்பக்கம் 60 அப்படியே இருக்கட்டும். இன்ஜின் எடை எப்போதும் அங்கேதான்; பின்னால் ஏற்றும் லோடு முன்பக்கத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை.

மார்ச் 20
65இல் குதிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. ஈரத்திலும் பின்சக்கரம் நழுவவில்லை.

மார்ச் 24
நாளை முழு லோடு. இரவே பின் டயர்களை, ஆறிய நிலையில், 80க்கு ஏற்றிவிட்டேன். லோடு ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற வேலை இல்லை இது. ஸ்டெப்னிக்கும் 80, எந்தச் சக்கரத்துக்குப் போனாலும் அங்கே வைத்துக் குறைத்துக்கொள்ளலாம்.