டாக்டர் கடிதத்தில் எண்கள் இருக்கட்டும்

பால் ஊட்டும் மூக்குக் குழாய், ஆக்சிஜன், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் என்று ஒரு குழந்தை ஐ.சி.யூ.விலிருந்து வீடு வந்தால், மருந்துக்கு ஆகும் நேரத்தைவிடக் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசவே அதிக நேரம் போய்விடுகிறது. "மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை" என்ற வரி வந்ததும் பெற்றோர் இடிந்து போகிறார்கள். குழந்தையின் நோயையே சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அந்த வரிக்குப் பொருள், டாக்டர் கொடுத்த கடிதத்தில் கணக்கு இல்லை என்பதுதான்.

"குறைமாதக் குழந்தை, குழாய் வழி உணவு தேவை, அனுமதிக்கவும்." வேலைப்பளுவில் டாக்டர்கள் எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதைப் படிப்பவர் குழந்தையைப் பார்த்தவர் இல்லை. எத்தனை, ஏன், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. எத்தனையாவது கர்ப்ப வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, இன்றைய எடை, நோயின் ஐ.சி.டி-10 குறியீடு (நோய்களுக்கான சர்வதேசப் பட்டியலில் உள்ள எண்) ஆகியவை கட்டாயம் வேண்டும். குறைமாத நுரையீரல் நோய்க்கு பி27.1, பாலூட்டல் சிரமத்துக்கு ஆர்63.3. சில நாடுகளில் இதற்குப் பின்னும் இலக்கங்கள் சேரும். பில்லில் ஒரு குறியீடும் கடிதத்தில் வேறொன்றும் இருந்தால் அதுவே நிராகரிக்கப் போதும்.

அடர்த்தி கூடிய ஃபார்முலாவுக்கு, அதாவது கலோரி அதிகமுள்ள குழந்தைப் பால் பவுடருக்கு, வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாதாரணப் பாலையே கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன?" குழந்தை 4.2 கிலோ, கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 630 மில்லி. சாதாரண ஃபார்முலாவில் 100 மில்லிக்குச் சுமார் 67 கலோரி, ஆக 422 கலோரி, கிலோவுக்கு 100. மூச்சு விடுவதற்கே உழைக்கும் குழந்தைக்கு அது போதாமல் எடை நின்றுவிடலாம். 100 மில்லிக்கு 80 கலோரி உள்ள ஃபார்முலாவில் அதே 630 மில்லி 504 கலோரி தரும், கிலோவுக்கு 120. அந்த 504-ஐச் சாதாரண ஃபார்முலாவில் எட்ட வேண்டுமானால் 750 மில்லி, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 180 மில்லி கொடுக்க வேண்டும். திரவ அளவைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நுரையீரலுக்கு அது ஆகாது. இந்தக் கணக்கை உணவியல் நிபுணரிடம் கேட்டு, உங்கள் குழந்தையின் எண்களோடு கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு இருந்தால் அந்தக் கேள்வி திரும்ப எழுவது குறையும்.

அளவை "630 மில்லி" என்று மட்டும் எழுத வேண்டாம். தினம் 25 கிராம் கூடும் குழந்தை மாதத்தில் 750 கிராம் கூடும். பால் தேவையும் நாளுக்கு 110 மில்லிக்கு மேல் ஏறும். அனுமதி ஆறு மாதத்துக்கு என்றால் இரண்டாம் மாதமே டப்பா பற்றாது. "கிலோவுக்கு 150 மில்லி, எடைக்கு ஏற்ப" என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பிக்கும் அலைச்சல் குறையும்.

உபகரணங்களில்தான் வெட்டு விழும். பால் செலுத்தும் ஃபீடிங் பம்பின் குழாய் செட்டை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் மாதத்துக்கு 31. பதினைந்து அனுமதித்தால் ஒரே செட் இரண்டு நாள் ஓடும். குழாயில் தங்கும் பாலில் கிருமி வளரும், வயிற்றுப்போக்கு வரும், மறுபடி ஆஸ்பத்திரி வாசம். மூக்குக் குழாய்க்கு அட்டையில் பல வார ஆயுள் போட்டிருக்கலாம், அதை வைத்து ஒன்றே ஒன்று அனுமதிப்பார்கள். குழந்தை கையால் இழுத்துவிடும், வாந்தியோடு வெளியே வரும், மருந்துத் துகள் அடைக்கும். அதனால் உபரிக் குழாய்களையும் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். குழாயின் நுனி வயிற்றில்தான் இருக்கிறதா என்று அமிலத்தன்மையை வைத்துப் பார்க்கும் பி.எச். பட்டை இன்னொன்று. ஒவ்வொரு ஊட்டலுக்கு முன்பும் குழாயிலிருந்து சிறிது திரவம் இழுத்து, 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தால், எட்டு ஊட்டலுக்கு மாதம் 248 பட்டை. நூறு கொண்ட பெட்டி மூன்று. அமிலம் குறைக்கும் மருந்து எடுக்கும் குழந்தைக்கு எண் உயர்ந்து காட்டலாம். அப்போது என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஆக்சிமீட்டருக்கு "கடையில் கிடைக்கிறதே" என்பார்கள். பெரியவர்களின் விரல் கிளிப் குழந்தையின் பாதத்தில் பொருந்தாது. கால் ஆடினால் தவறான எண் காட்டும். தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கினால் எழுப்பும் அலாரமும் பெரும்பாலும் அதில் இருக்காது. "தூங்கும்போது தொடர் கண்காணிப்பு" என்ற சொற்கள் கடிதத்தில் இருக்கட்டும். ஆக்சிஜனும் கணக்குத்தான்: நிமிடத்துக்கு கால் லிட்டர் என்றால் நாளுக்கு 360 லிட்டர். 400 லிட்டர் சிலிண்டர் ஒரு நாளைக்குச் சற்று மேலேதான் தாங்கும்.

பெயர்க் குழப்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை அம்மா பெயரிலேயே பதிவாகியிருக்கும், பிறகு சான்றிதழில் வேறு பெயர் வரும். இரட்டையர் என்றால் ஒன்று, இரண்டு மாறிப்போகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு பெயரும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். குழந்தையைப் பாலிசியில் சேர்க்கவும் கெடு உண்டு. பிறந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

நிராகரித்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக் கெடுவை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். போனில் பேசியவர் பெயர், தேதி, புகார் எண் மூன்றும் ஒரே நோட்டில் இருக்கட்டும். உங்கள் டாக்டர் காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டரிடம் நேரில் பேச வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். அவர்கள் தரப்பில் பேசுபவர் குழந்தை மருத்துவராக இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். தாமதித்தால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதினால் அவசரப் பரிசீலனை கோரலாம்.

இருப்பு பத்து நாளுக்குக் குறையும்போதே அடுத்த ஆர்டரைப் போடுங்கள். தீர்ந்தே போனால் ஃபார்முலாவில் தண்ணீர் கூட்டி ஒப்பேற்றாதீர்கள். சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். டிஸ்சார்ஜ் செய்த வார்டைக் கூப்பிட்டு, இரண்டு நாளுக்காவது கேட்டு வாங்குங்கள்.