கையுறையில் தொடங்குங்கள்: ஈ.எம்.டி. பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவம்

ஆம்புலன்ஸில் வந்து முதலுதவி செய்பவர்தான் ஈ.எம்.டி. அந்தப் பயிற்சியின் செய்முறைத் தேர்வில் முதல் தடவை எனக்கு சைபர். பொம்மையின் நெஞ்சை நன்றாகத்தான் அழுத்தினேன். ஆழம் சரி, வேகம் சரி. ஆனால் கையில் கொடுத்த அட்டையில் "45 வயது ஆண், சாலையோரம் மயங்கிக் கிடக்கிறார்" என்று படித்ததும் ஓடிப்போய் மண்டியிட்டு ஆரம்பித்துவிட்டேன். தேர்வு வைத்த சார் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி லாரி வருதும்மா. நீ போய்ச் சேர்ந்துட்ட. இப்ப ரெண்டு பேருக்கு ஆம்புலன்ஸ் வேணும்."

இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கவில்லை, கையுறை போடவில்லை. இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் மீதி எவ்வளவு நன்றாகச் செய்தாலும் தேர்வின் அந்தப் பகுதியில் ஃபெயில் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதனால் இதை எழுதத் தொடங்கும்போதும் அதையே முதலில் சொல்கிறேன்.

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் இருளர் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவர். சூளை இல்லாத மாதங்களில் மரம் வெட்டப் போவார். எங்கள் குடியிருப்பில் கல்லூரி முடித்த முதல் பெண் நான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். முடித்த பிறகு என்ன செய்வது என்று சொல்ல யாரும் இல்லை. 108 ஆம்புலன்ஸ் வேலைவாய்ப்பு முகாம் பற்றி ஒரு செய்தித்தாள் துண்டில் பார்த்தபோது, அது நர்சிங் படித்தவர்களுக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற நர்சிங் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயம், மருந்தாளுநர் பட்டயம் படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். முகாம் அறிவிப்பில் வயது வரம்பும் இருக்கும், அதை முதலில் பாருங்கள். எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் கேட்கும் மருத்துவ நேர்காணல், கடைசியாக எச்.ஆர். நேர்காணல். தேறினால் ஐம்பது நாள் அளவுக்கு வகுப்பு, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று பயிற்சி. இதற்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. "உள்ளே ஆள் இருக்கு, இருபதாயிரம் கொடு" என்று எவராவது வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இப்போது 12-ஆம் வகுப்பில் உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாராமெடிக்கல் கவுன்சிலிங்கில் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருக்கிறது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சிப் பணி. நீட் வேண்டாம், 12-ஆம் வகுப்பு மதிப்பெண் போதும். எனக்கு அப்போது இது தெரிந்திருந்தால் அதற்குத்தான் போயிருப்பேன்.

சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எஸ்.டி. சான்றிதழில் கையெழுத்துப் போடுவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லாததால் நான் ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு தாள் கேட்டார்கள். கடைசியில் அத்தையின் பழைய சான்றிதழ் ஒன்று ரேஷன் கார்டு பையில் கிடந்து காப்பாற்றியது. எனவே முகாம் அறிவிப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சொந்தக்காரர் யாரிடம் சான்றிதழ் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

அடுத்தது பணம். ஐம்பது நாள் கூலிக்குப் போகாமல் இருப்பது எங்களைப் போன்ற வீட்டில் சின்ன விஷயம் இல்லை. உதவித்தொகை உண்டா, தங்குமிடம் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு என்று முகாமிலேயே வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் பஸ் செலவைப் பார்த்தோம். என்னோடு சேர்ந்த ஒரு பெண் மூன்றாவது வாரம் நின்றுவிட்டாள். பாடம் அவளுக்கு நன்றாகவே வந்தது. பஸ் காசுதான் வரவில்லை.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

எல்லோரும் பயப்படுவது இங்கிலீஷுக்கு. நானும் பயந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் ஒரு சூட்சுமம் பிடிபட்டது: அந்த நீளமான வார்த்தைகள் எல்லாம் ஒட்டுப்போட்டவை. ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு. கார்டியோ இதயம், நியூமோ நுரையீரல் அல்லது காற்று, ஹீமோ ரத்தம். இப்படி ஒரு முப்பது துண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன். ஹீமோதோராக்ஸ் என்று சார் சொன்னதும் ரத்தம், நெஞ்சு என்று பிரித்தேன். நெஞ்சுக்கூட்டில் ரத்தம் தேங்கியிருக்கிறது என்று தானாக விளங்கியது. எழுத்துத் தேர்வுக்கு இதுவே பாதி.

மீதிப் பாதி எண்கள். பெரியவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. பச்சைக் குழந்தைக்கு நாடி 100-க்கு மேலேயே இருக்கும். இதை மனப்பாடம் செய்தால் மறக்கும். நான் குடியிருப்பில் எல்லோர் கையையும் பிடித்து எண்ணினேன். ஆயாவுக்கு 72. அக்காவின் கைக்குழந்தைக்கு 130. ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்த தம்பிக்கு 140. உட்கார்ந்து பத்து நிமிடத்தில் 80. ஒரு வாரத்தில், தொட்ட உடனே இது வேகம், இது சாதாரணம் என்று விரலுக்கே தெரிய ஆரம்பித்தது. மூச்சை எண்ணும்போது மட்டும் சொல்லிவிட்டு எண்ணாதீர்கள். சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பாருங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று மதிப்பெண் போடும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் எல்லோரும் திணறுவார்கள். கண் 4, பேச்சு 5, கைகால் அசைவு 6, மொத்தம் 15. நேர்காணலில் நிச்சயம் ஒரு குறும்புக் கேள்வி வரும்: "எதற்குமே அசையாத ஆளுக்கு எத்தனை?" சைபர் என்று வாய் தவறும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 1 உண்டு, ஆகவே 3.

அடுத்தது சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதுவது பற்றி. ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. எனக்கு இருபதுக்கு மேல் வேகம் குறைந்துகொண்டே போனது. களைப்பு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, குற்றவாளி நம் எண்கள். "ஒண்ணு, ரெண்டு" என்பது சட்டென்று முடிகிறது. "இருபத்தியேழு, இருபத்தியெட்டு" என்று சத்தமாகச் சொல்லி முடிப்பதற்குள் கை காத்திருக்கிறது. பத்து வரை மூன்று தடவை எண்ணுங்கள், தாளம் தப்பாது. வீட்டில் பழகத் தலையணை உதவாது, ரொம்ப மெத்து. கோணிப்பையில் உமியை இறுக்கி அடைத்துத் தரையில் போட்டுப் பழகினேன். முழங்கை மடங்கக் கூடாது, பாரம் தோளிலிருந்து வர வேண்டும், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழ விட வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கல் அறுக்கிற மாதிரிதான், இடுப்பு வேலை செய்யணும், கை இல்ல" என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சரி.

பாம்புக்கடி வகுப்பு எனக்கு மறக்காது. அதுவரை கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருந்தேன். கடித்தால் என்ன செய்வீர்கள் என்று சார் கேட்டதும், இறுக்கிக் கட்டுவோம், கீறி ரத்தம் எடுப்போம் என்று வகுப்பே சொன்னது. நான் எழுந்து, கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது என்றேன். மோதிரம், கொலுசு இருந்தால் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அந்தக் கை அல்லது காலை அசையாமல் வைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும். எப்படித் தெரியும் என்றார். என் தாத்தா வடநெம்மேலி பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர். 1978-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் எங்கள் ஆட்கள் பிடித்து வரும் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திலிருந்துதான் மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்தைப் பெரும்பாலும் செய்கிறார்கள். கட்டு விரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் தடமும் பெரிதாக இருக்காது, விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார், இமை தானாக மூடிக்கொண்டு வரும் என்று தாத்தா சொன்னதை அப்படியே சொன்னேன். சார் அதைக் கரும்பலகையில் எழுதினார்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பூச்சிமருந்து குடித்தவரைப் பார்த்திருப்பீர்கள், கண்பாவை ஊசிமுனை போல் சுருங்கி, எச்சில் வடிந்து, வியர்த்துக் கிடப்பார். வீட்டுப் பிரசவம் பார்த்திருப்பீர்கள். நகரத்துப் பிள்ளை படத்தில் பார்ப்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். அதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாகத் தெரிந்துவைத்திருப்பதும் அப்போதுதான் வெளியே வந்து திருந்தும். பூச்சிமருந்து குடித்தவருக்குச் சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். செய்யவே கூடாதாம்.

ஒருநாள் அந்தச் சார் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கதை ஒன்று சொன்னார். அங்கே 1960-களில் உடம்பு முடியாதவரைப் போலீஸ் வண்டியில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்களாம். 1967-இல் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்களின் பகுதியில், வேலை இல்லாத இளைஞர்களை, பள்ளி முடிக்காதவர்களையும் சேர்த்து, டாக்டர் பீட்டர் சஃபார் வகுத்த பாடத்தில் முந்நூறு மணி நேரம் பயிற்றுவித்தார்கள். சி.பி.ஆர். முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அந்த ஆம்புலன்ஸ் சேவை அந்நாட்டின் பாராமெடிக் பயிற்சிக்கே முன்மாதிரி ஆனது. 1975-இல் நகராட்சி சொந்தமாகச் சேவை தொடங்கியதும் இது மூடப்பட்டது. புதிய சேவைக்கு மாறிய பழைய ஆட்களில் பலர் அங்கே நிலைக்க முடியவில்லை. கதையைக் கேட்டுவிட்டு வகுப்பு கைதட்டியது. எனக்குக் கடைசி வரிதான் ஒட்டியது. வேலை தெரிந்தால் மட்டும் போதாது, கையில் தாளும் இருக்க வேண்டும் என்று பட்டது. அன்றிலிருந்து பயிற்சியில் கொடுத்த எந்தத் தாளையும் நான் தொலைத்ததில்லை. மணிக்கணக்கு எழுதும் பதிவேட்டில் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுவேன்.

மருத்துவமனைப் பயிற்சியில் ஒதுங்கி நிற்காதீர்கள். அவசரப் பிரிவில் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பார்கள். மிக மோசமானவர்கள் சிவப்பு. சிவப்புப் பக்கம் கூட்டமாக இருக்கும், நம்மை விரட்டுவார்கள். "சிஸ்டர், நான் பி.பி. மட்டும் பார்க்கட்டுமா" என்று கேட்டால் அநேகமாகச் சரி என்பார்கள், இரண்டாவது நாள் அவர்களே கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸ் பயிற்சியில் நான் அதிகம் கற்றது பைலட் அண்ணனிடம், அதாவது வண்டி ஓட்டுகிறவரிடம். எந்த ரயில்வே கேட் எப்போது மூடும், எந்தத் தெருவில் வண்டி நுழையாது, கூட்டத்தில் கத்துகிறவரை எப்படி ஸ்ட்ரெச்சர் பிடிக்க வைத்து அமைதியாக்குவது, எல்லாம் அவர் சொன்னதுதான். ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வருமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது இரண்டு வாரத்தில் போய்விடும். கூட்டத்துக்கு நடுவே கோபப்படாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

எச்.ஆர். நேர்காணலில் பெரிய கேள்வி எதுவும் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், இரவுப் பணியும் உண்டு, வேறு மாவட்டத்துக்குப் போவாயா என்பார்கள். வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். வேலை கிடைக்கட்டும் என்று தலையாட்டிவிட்டு, ஒரு மாதத்தில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தடவைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் சாயங்காலம் உமிப் பையைச் "சாலையோரம்" போட்டு, தம்பியைத் தேர்வாளராக உட்கார வைத்து, செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். கையுறை போடுகிறேன். இடது பக்கம் வண்டி வரவில்லை, மின்கம்பி அறுந்து கிடக்கவில்லை. தோளைத் தட்டுகிறேன், ஐயா, கேட்கிறதா. பதில் இல்லை. உதவிக்கு ஆள் கூப்பிடுகிறேன். நாடியும் மூச்சும் பார்க்கிறேன், பத்து நொடிக்கு மேல் இல்லை. மனதுக்குள் செய்வதற்கு மார்க் கிடையாது. தேர்வாளர் காதில் விழ வேண்டும். முதலில் குடியிருப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வாரத்தில், நான் உட்காரும் முன்பே அவர்கள் கோரஸாகக் கத்துவார்கள்: "அக்கா, கையுறை!"

தேர்வன்று சட்டைப் பையில் என் சொந்தக் கையுறை இரண்டு ஜோடி வைத்திருந்தேன். வியர்வையில் ஒன்று போடும்போதே கிழிந்தது. இரண்டாவதைப் போட்டுக்கொண்டு, பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சார் சிரித்துவிட்டு, "நிறுத்திட்டேம்மா, நீ ஆரம்பி" என்றார்.