மாறுகண் அறுவை: முழு மயக்கமா, மரப்பு ஊசியா?

பெரியவர்களின் மாறுகண் அறுவையை முழு மயக்கம் இல்லாமலும் செய்யலாம். ஒரு கண்ணில், அதை அசைக்கும் தசைகளில் ஒன்றிரண்டைத்தான் சரிசெய்ய வேண்டும் என்றால் கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போதும். இதயம், நுரையீரல் சரியில்லாதவர்களுக்கு அதையே முதலில் யோசிக்க வேண்டும்.

இரண்டு கண்ணிலும் வேலை, பழைய அறுவையால் தழும்பேறிய தசை, தைராய்டால் இறுகிய தசை என்றால் முழு மயக்கமே நல்லது. கிட்டப்பார்வை மிக அதிகமானால் கண் நீண்டிருக்கும், ஊசி கண்விழியையே துளைத்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே முனை மழுங்கிய குழாயால் டெனான் உறைக்குள் (கண்விழியைப் போர்த்திய மெல்லிய சவ்வு) மரப்பு மருந்து செலுத்துவது மேல்.

தசையை இழுத்ததும் இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம். இழுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் சீராகும், இல்லையேல் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து.

அறுவைக்குப் பிறகு முடிச்சை இறுக்கியோ தளர்த்தியோ கண்ணின் நிலையைச் சரிசெய்யும் தையல் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மரப்பு ஊசி தசையையும் முடக்கும். அது தெளிந்த பிறகே முடிச்சை மாற்ற முடியும். மரக்கவைக்கும் சொட்டு மருந்தில் மட்டும் செய்தால் மேசையிலேயே கண்ணை அசைத்துப் பார்க்கலாம். ஆனால் தசை இழுபடும் வலி தெரியும்.

முழு மயக்கத்துக்குத் திட உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தணும். நம் தருமபுரிப் பக்கம் பலரும் தவறுவது இங்கேதான்: கேழ்வரகுக் கூழும் மோரும் தண்ணீர்க் கணக்கில் சேராது, 6 மணி நேரம்தான். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இந்த அறுவைக்குப் பின் குமட்டல் அதிகம். அதைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் மருந்துகள் உண்டா என்று முன்பே கேளுங்கள். சேலத்தில் செய்துகொண்டால் அன்றே தொப்பூர்க் கணவாய் வழியே பேருந்தில் திரும்ப வேண்டாம்.