செவலையும் திண்ணைத் தூணும்

இன்றோடு 9 நாள் ஆகிறது, எங்கள் நாய்க்குட்டி செவலையின் பல் யார் தோலிலும் பதியவில்லை. கையை வாயில் வாங்குகிறான், ஆனால் அழுத்தாமல் விட்டுவிடுகிறான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

30 நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்த குட்டி. கூடப்பிறந்ததுகளோடு கடித்து உருண்டு, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று பழகும் வயதில் தனியாக வந்துவிட்டான். ஒருமுறை அம்மா கையில் ரத்தமே வந்தது. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே போய் ஊசி போட்டுவந்தோம். "வாய் மேலயே ரெண்டு போடுடா" என்றார் அம்மா. அடித்தால் கையைக் கண்டாலே மிரளும் என்று நான் ஒப்பவில்லை.

கடித்தால் எழுந்து போய்விட வேண்டும் என்பார்கள், சரி. போக விட்டால்தானே! லுங்கி ஓரத்தைக் கவ்விக்கொண்டு கூடவே இழுபட்டு வருவான். அதுவே அவனுக்குப் பெரிய விளையாட்டு. கத்தினால் இன்னும் வேகம்.

கடைசியில் தூணில் 5 அடிக் கயிற்றில் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினேன். பல் பட்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தால் லுங்கி எட்டாது. 20 எண்ணிவிட்டு மறுபடி கிட்டே. பல் பட்ட நொடியே, வாயைத் திறக்காமல் நகர வேண்டும். "டேய்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால்கூடத் தாமதம்தான், எதற்கென்று அவனுக்குப் புரியாது. முதல் நாள் பத்து நிமிடத்தில் 14 முறை நகர்ந்தேன், ஐந்தாம் நாள் 3 முறை. கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், துள்ளினால் இறுகும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்தான் சரி. கட்டிவிட்டுத் தனியாக விட்டுப் போகவும் கூடாது.

நைலான் கயிறு இரண்டே நாளில் பிரிபிரியாகப் போனது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கன்றுக்குக் கட்டும் பருத்திக் கயிறு வாங்கி, வேப்பிலை அரைத்துத் தடவினேன். அப்புறம் வாய் வைக்கவில்லை.

நேற்றுக் காலை பாயில் ஒரு பால் பல் கிடந்தது. அரிசி நீளம்தான், நுனி ஊசி மாதிரி. நாலு மாதம் ஆகிறதல்லவா, 28 பல்லும் விழுந்து 42 முளைக்கும்வரை ஈறு அரிக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறேன்.

அடுத்து, "விடு" என்றதும் வாயிலிருப்பதைக் கீழே போடப் பழக்க வேண்டும். மாம்பழக் காலத்துக்குள் முடித்தாக வேண்டும். தோப்பெல்லாம் கொட்டையாகக் கிடக்கும், விழுங்கினால் குடலை அடைத்துவிடும். அதற்குள் இன்னொரு வேலை பாக்கி. மகள் ஓடினால் இன்னும் கணுக்காலுக்குத்தான் பாய்கிறான். நாளை அவளை மெதுவாக நடக்கவிட்டு ஆரம்பிக்கிறேன்.