சிறுகடையில் உள்ளூர் இளையரை வேலைக்கு அமர்த்தும்போது

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை, பூக்கடை வைத்திருப்பவர்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வருவதில்லை என்பார்கள். எங்கள் கடையில் பார்த்தவரை, வருகிறார்கள்; நிற்பதில்லை. சம்பளத்தைவிட, நாளைக்கு ஓய்வா வேலையா என்பது முந்தின இரவுவரை தெரியாததுதான் அவர்களை விரட்டுகிறது.

ஆகவே விளம்பரத்துக்கு முன் அட்டவணையைப் போட்டோம். வாரம் 44 மணி நேரம், 1 ஓய்வு நாள். ஓய்வு ஞாயிறாக இல்லாவிட்டால், மாதம் பிறக்கும் முன்பே பட்டியல் ஊழியர் கையில் இருக்க வேண்டும். நாம் கேட்டு ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் 2 நாள் சம்பளம். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு. மிகைநேரம் மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில்தான் இந்தக் கணக்கு உடையும். அதற்குப் பகுதிநேர ஊழியரை முன்பே பேசி வைப்பது நல்லது.

‘கடை உதவியாளர்’ என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சரக்குக் கணக்கு, இணைய ஆர்டர், மொத்த வியாபாரிகளின் பில் என்று பிரித்து எழுதினோம். வேலை நிபந்தனைகளை முதல் 14 நாளுக்குள் எழுத்தில் கொடுப்பது கட்டாயம். சேர்ந்த அன்றே கொடுத்தால் பேச்சு மிச்சம்.

முதலாளிக்கான மத்திய சேம நிதிக் கணக்கை, நிறுவனங்கள் அரசின் இணையச் சேவைகளுக்குள் நுழையும் கார்ப்பாஸ் வழி முன்கூட்டியே திறந்துவிடுங்கள். இளையருக்கு 1,800 வெள்ளி சம்பளம் என்றால் முதலாளி பங்கு 17 விழுக்காடு, 306 வெள்ளி. ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 360 வெள்ளி. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 5 வெள்ளி கழித்தால் கையில் 1,435. திறன் மேம்பாட்டுத் தீர்வை 4.50 வெள்ளி நம்முடையது. அதை ஊழியரிடம் பிடிக்கக்கூடாது. இந்தக் கழிவுகளை நேர்முகத்திலேயே சொல்லாவிட்டால், முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் முகம் மாறும்.

ஒர்க் பெர்மிட்டில் வரும் வெளிநாட்டு ஊழியரும் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சேவைத் துறையில் வெளிநாட்டவர் பங்கு 35 விழுக்காடுதான். வெளிநாட்டவர் ஒருவருக்கு 2 முழு உள்ளூர் ஊழியர் வேண்டும். 2024 ஜூலையில் வந்த வரம்புப்படி 1,600 வெள்ளிக்குக் குறையாமல் சம்பளம் பெற்ற உள்ளூர் ஊழியர்தான் முழு ஆளாகக் கணக்கில் வந்தார். அதில் பாதிக்குக் குறையாமல் வாங்கியவர் அரை ஆள். பகுதிநேர ஊழியருக்கு அப்போது குறைந்தது மணிக்கு 10.50 வெள்ளி. அந்த வரம்பு அவ்வப்போது உயரும் என்பதால், பெர்மிட் புதுப்பிக்கும் முன் மனிதவள அமைச்சின் தளத்தில் அப்போதைய தொகையைப் பார்த்துவிடுங்கள்.